சாப்பிட்டிட்டீங்களோ, மிஸ்ஸி?

தொலைபேசியில் பேசி முடித்து அதைக் கீழே வைத்த பிறகுதான் நம் வேலையின் கடினமான பகுதி தொடங்குகிறது. பேறு பார்ப்பது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் நம்மைக் கேட்டுக்கொண்டு பிறப்பதில்லை. நாம் குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும். ஆனால் நோவு தொடங்கிய ஒருத்தி எங்கோ ஒரு வீட்டிலிருந்து கூப்பிடுகிறாள். அவள் முகம் உங்களுக்குத் தெரியாது. குரல் மட்டும்தான் கேட்கும். இப்போதே புறப்படுவதா, இன்னும் பொறுப்பதா என்று அதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

பிரசவ இல்லத்தில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். உங்களில் இரண்டு பேர் தமிழ்ப் பிள்ளைகள் என்று கேள்விப்பட்டேன். அந்த இருவரும் இதைக் கொஞ்சம் கூடுதல் கவனமாகப் படியுங்கள். நான் விட்ட பிழையை மற்றவர்கள் விட மாட்டார்கள். அது நம்மவர்களால்தான் முடியும்.

மன்னாரில் ஒன்பது வருடம் மருத்துவமாதாக வேலை பார்த்துவிட்டு மொன்றியலுக்கு வந்தவள் நான். வந்த புதிதில் கோட்-டெ-நெய்ஜில் ஒரு மருத்துவமனையின் தரையைத் துடைத்தேன். பேற்று அறைக்கு வெளியே துடைப்பத்தோடு நின்று, உள்ளே கேட்கும் சத்தத்தை வைத்து ‘இன்னும் பத்து நிமிடம்’ என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும். பிறகு பிரெஞ்சு படித்து, சோதனை எழுதி, இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் பிரசவ இல்லத்தில் சேர்ந்தேன். இங்குள்ளவர்கள் நம்மை பிரெஞ்சில் சாஜ்ஃபாம் என்பார்கள். எங்கள் சனம் மட்டும், ஊரில் தாதிமாரை அழைக்கும் வழக்கப்படி, என்னை மிஸ்ஸி என்றே கூப்பிட்டது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஓர் அங்குலம் உயரம் கூடும்.

என்னோடு வேலை செய்தவர்களில் மூத்தவர் ஒரு கியூபெக் பெண்மணி. உயரமானவர், குறைவாகப் பேசுபவர், கேள்வி கேட்பதில் கெட்டிக்காரி. அவர் பெயர் இங்கே வேண்டாம்; தன்னைப் பற்றி எழுதினேன் என்று தெரிந்தால் திட்டுவார். அவரும் மற்றவர்களும் நோவின் வேகத்தைப் பெண்ணின் சத்தத்தை வைத்துக் கணிப்பார்கள். எங்கள் பெண்கள் சத்தம் போடுவதில்லை. ஆகவே, “தமிழ்ப் பெண் அமைதியாக இருந்தால் ஆறுதலாக இருக்கிறாள் என்று நினைக்காதீர்கள், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறாள் என்று நினையுங்கள்” என்று நான் அவர்களுக்கு ஒரு வகுப்பே எடுத்தேன். ஒரு தடவை அல்ல, வருடத்துக்கு ஒரு தடவை. தமிழ் வீடுகளிலிருந்து வரும் அழைப்புகளை என்னிடம் தந்துவிடுங்கள், எனக்கு அவர்களைத் தெரியும் என்றும் சொல்லி வைத்திருந்தேன். தலைக்கனம் என்று சொல்ல நினைத்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.

சுகந்திக்கு அது இரண்டாவது பிள்ளை. யாழ்ப்பாணத்துப் பெண். கணவன் ரூபன், ரொக்ஸ்பரோவுக்கு அப்பால் ஒரு பெட்டித் தொழிற்சாலையில் வேலை. வில்லரேயில் ஒரு வீட்டின் மேல்மாடியில் குடியிருந்தார்கள். முதல் பிள்ளையை மருத்துவமனையில் பெற்றவள். முதல் பரிசோதனையில் அந்த மருத்துவமனையின் குறிப்பைப் பார்த்துக்கொண்டே நான், “நீர் அவையளுக்கு ஒரு சத்தமும் காட்டேல்லையாம். சரியான கெட்டிக்காரி” என்றேன். சுகந்தி வெட்கப்பட்டுச் சிரித்தாள். அடுத்த முறை வந்தபோதும் அதையே சொன்னேன். அதற்கடுத்த முறையும். அந்தக் குறிப்பில், பேற்றுக்குப் பிறகு இரத்தம் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகப் போனது என்றும் ஒரு வரி இருந்தது. அதையும் படித்தேன். ஆனால் வாயால் சொன்னது அந்தக் கெட்டிக்காரித்தனத்தை மட்டும்தான்.

அது மாசி மாதம். இரவெல்லாம் கொட்டிய பனி காலை எட்டு மணிபோல விட்டிருந்தது. பதினொரு மணிக்குச் சுகந்தி கூப்பிட்டாள்.

“மிஸ்ஸி, சும்மாதான் எடுத்தனான். ஒருக்கா உங்களிட்டச் சொல்லுவமெண்டு. லேசா நோகிற மாதிரி இருக்கு.”

“எத்தினை நிமிசத்துக்கு ஒருக்கா?”

“பாக்கேல்லை. இருவது நிமிசம் இருக்கும். நீங்கள் சாப்பிட்டிட்டீங்களோ?”

“ஓம், சாப்பிட்டிட்டன். பிள்ளை துடிக்குதோ?”

“ஓம். பொறுங்கோ மிஸ்ஸி, அடுப்பை ஒருக்காப் பாத்திட்டு வாறன்.”

தொலைபேசியை எங்கோ வைத்த சத்தம் கேட்டது. ஒரு நிமிடத்தில் திரும்பி வந்தாள். மகளை கார்டரியில், அதுதான் குழந்தைகள் காப்பகத்தில், கொண்டுபோய் விட்டுவிட்டு வந்ததாகவும், ரூபனை வேலைக்குப் போகச் சொல்லிவிட்டதாகவும், பேற்றுக்கென்று அவனுக்குக் கிடைக்கும் இரண்டு கிழமை விடுமுறையை இப்போதே ஏன் வீணாக்க வேண்டும் என்றும் சொன்னாள். மறுபடியும் அடுப்பைப் பார்க்கப் போனாள். வந்து, “நீங்கள் சாப்பிட்டிட்டீங்களோ, மிஸ்ஸி?” என்று கேட்டாள்.

“ஓம் எண்டு சொல்லிப்போட்டனே” என்று சிரித்தேன். சுடுதண்ணீரில் குளித்துவிட்டுப் படுத்திருக்கும்படியும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வரத் தொடங்கினால் கூப்பிடும்படியும் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். உண்மையில் நான் சாப்பிடவில்லை. சோற்றுப் பெட்டி மேசையில் மூடியபடியே இருந்தது. ஆனால் அந்தக் கேள்விக்கு யார்தான் இல்லை என்று சொல்வார்கள்?

பெட்டியைத் திறந்தேன். மூத்தவர் பதிவேட்டோடு வந்து, “யார், என்ன சொன்னார்?” என்று கேட்டார்.

“சுகந்தி. இப்போதுதான் தொடக்கம். என்னோடு நன்றாகக் கதைத்துக்கொண்டிருந்தார். அவசரமில்லை.”

“என்ன கதைத்தார்?”

இதுதான் அவருடைய வழக்கம். நீங்கள் சொன்ன முடிவு அவருக்கு வேண்டாம். கேட்டது என்ன என்று சொல்ல வேண்டும். நானும் ஒப்புவித்தேன். “சமைத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு தடவை அடுப்பைப் பார்க்கப் போனார். நான் சாப்பிட்டேனா என்று கேட்டார். பிறகும் கேட்டார்.”

சொல்லும்போதே என் பிழை எனக்குப் பிடிபட்டது. ஆறு நிமிடப் பேச்சில் எந்த அடுப்பை இரண்டு தடவை பார்க்க வேண்டும்? அதைவிட, சாப்பிட்டீர்களா என்று கேட்டுப் பதிலும் வாங்கிய யாழ்ப்பாணத்துப் பெண் அதே கேள்வியை மறுபடி கேட்க மாட்டாள். என் பதில் அவள் காதில் ஏறவே இல்லை. அவள் அடுப்பைப் பார்க்கப் போகவில்லை, நோவைப் பார்க்கப் போயிருக்கிறாள். வருடத்துக்கு ஒரு தடவை வகுப்பெடுத்தவள் நான். அந்த வகுப்பில் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் அந்த அழைப்பை எடுத்திருந்தால்கூடப் பிடித்திருப்பார். சொந்த மொழியில் கேட்டதால் எனக்கு அது வெறும் உபசாரமாகக் கேட்டது.

திரும்பக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மூத்தவர் யன்னலால் வெளியே பார்த்தார். அவருடைய கார் மாநகராட்சி வண்டி தள்ளிவிட்டுப் போன பனிமேட்டுக்குப் பின்னால் மாட்டியிருந்தது. “நீ நடந்து போ. எட்டுத் தெருதானே. நான் இதைத் தோண்டி எடுத்துக்கொண்டு மற்றச் சாமான்களோடு வருகிறேன்” என்றார். சிறிய பையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். சோற்றுப் பெட்டி திறந்தபடி கிடந்தது.

வில்லரே வீடுகளின் இரும்புப் படிகள் உங்களுக்குத் தெரியும், வெளியே வளைந்து வளைந்து ஏறுபவை. கோடையில் படம் பிடிக்க நல்லவை. சுகந்தி வீட்டுப் படியில் பனி அள்ளப்படவே இல்லை. காலையில் இறங்கிப்போன தடங்களைப் பனி மூடியிருந்தது; அதன்மேல் ஏறிப்போன ஒரு சோடிக் காலடி மட்டும் இருந்தது. மகளை விட்டுவிட்டுத் திரும்பி வந்த காலடி. அதோடு மூன்று இடத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து எழும்பிய பள்ளம். பதினாறு படிக்குள் மூன்று தடவை உட்கார்ந்திருக்கிறாள். அதற்குப் பிறகும் வீட்டுக்குள் போய் ‘சும்மாதான் எடுத்தனான்’ என்று சொல்லியிருக்கிறாள்.

கதவு பூட்டியிருக்கவில்லை. அடுப்பில் சட்டியும் இல்லை, நெருப்பும் இல்லை. சுகந்தி சோபாவின் முன்னால் முழங்காலில் நின்றாள், வாய்க்குள் துவாய். என்னைக் கண்டதும் அதை எடுத்தாள்.

“இந்தப் பனிக்குள்ள ஏன் மிஸ்ஸி வந்தனீங்கள்? நான் பேந்து எடுப்பமெண்டு...”

வசனத்தை முடிக்க விடாமல் அடுத்த நோவு வந்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தால் தலைமுடி தெரிகிறது. மூத்தவருக்கு வேகமாக வரும்படி சொல்லக்கூட நேரமில்லை. பத்து நிமிடத்துக்குள் பெண் குழந்தை, என் கைக்குள் வழுக்கிக்கொண்டு வந்து, வந்த வேகத்திலேயே அழுதாள். அந்த வீட்டில் அன்று வெளிப்படையாகச் சத்தம் போட்ட முதல் ஆள் அவள்தான். நஞ்சுக்கொடியும் சிக்கலில்லாமல் வந்தது.

இருவரையும் தரையில் மெத்தை போட்டுப் படுக்க வைத்தேன். நல்ல தடிப்பான இரண்டு போர்வையால் மூடினேன். நேரத்தைக் குறிப்பதற்குப் பேனாவை எடுத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தேன். சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. பிழையைத் திருத்திவிட்டேன் என்று நினைத்தேன். கவனியுங்கள், இந்த வேலையில் மனம் குளிரும் நிமிடம்தான் மோசமான நிமிடம்.

“தலை சுத்துதோ சுகந்தி?”

“இல்லை. பரவாயில்லை.”

எழுதினேன். ‘தாய் நலம்’ என்று எழுதி முடிக்கவில்லை. அவள் கண்ணைப் பாதி மூடியபடி, நல்ல மரியாதையாக, “நீங்கள் சாப்பிட்டிட்டீங்களோ, மிஸ்ஸி?” என்று கேட்டாள்.

பேனா எங்கே விழுந்தது என்று தெரியாது. போர்வையைத் தூக்கினேன். மெத்தையின் பாதி சிவந்திருந்தது. முகமும் உதடும் எப்போது வெளிறின என்பதை எதிரே உட்கார்ந்திருந்த நான் பார்க்கவில்லை, நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள், அதை நான் எழுதத் தேவையில்லை. ஊசியைப் போட்டேன், அடிவயிற்றில் கையை வைத்து அழுத்தினேன். எழுத வேண்டியது வேறொன்று. ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். தொலைபேசி எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் ஒரு மூச்சு நேரம் அதை எடுக்காமல் இருந்தேன். ஊசி பிடித்துவிடும், இன்னும் இரண்டு நிமிடம் பார்ப்போம் என்று ஒரு பக்கம். மருத்துவமனையில் கொண்டுபோய் இறக்கினால், ‘உங்கள் ஆட்களை எனக்குத் தெரியும் என்றாயே’ என்று எல்லோரும் பார்ப்பார்களே என்று மறுபக்கம். அந்த ஒரு மூச்சை நினைத்து நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். பிறகு இடது கையால் அவசர எண்ணை அழுத்தினேன். வெட்கப்படுவதற்கு வாழ்நாள் முழுக்க நேரம் இருக்கிறது, இரத்தம் அப்படிக் காத்திருக்காது.

சுகந்தி பேசாமல் கிடந்தாள். அடிவயிற்றை அப்படி அழுத்தினால் யாருக்கும் உயிர் போகும். அவள் முகத்தைச் சுளிக்கக்கூட இல்லை. நோகாததாலா, தாங்கிக்கொள்வதாலா, அல்லது நினைவு தவறிக்கொண்டிருப்பதாலா என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றுக்கும் அவள் முகம் ஒன்றுதான்.

“சுகந்தி, கத்தும்” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள்.

“நான் முந்திச் சொன்னதெல்லாம் பிழை. நீர் கெட்டிக்காரியா இருக்க வேண்டாம். நோகேக்க கத்தும். நீர் கத்தினாத்தான் நீர் முழிப்பா இருக்கிறீர் எண்டு எனக்குத் தெரியும். கத்தும் பிள்ளை.”

மறுபடி அழுத்தினேன். முதலில் ஒரு முனகல். பிறகு கத்தினாள். முப்பது வருடமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் வந்ததோ என்னவோ, யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. குழந்தையும் சேர்ந்து அழுதது. எனக்கு அந்த இரண்டு சத்தமும் தேவாலயத்துப் பாட்டைவிட இனிமையாக இருந்தது, ஆண்டவர் மன்னிக்கட்டும்.

கீழ்வீட்டில் ஓர் இத்தாலியக் கிழவர் இருந்தார். மூன்று வருடமாக மேலே ஒரு குடும்பம் இருப்பதே தெரியாது, அவ்வளவு அமைதியான மனிதர்கள் என்று பிறகு சொன்னார். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஓடிவந்து கதவைத் தட்டினார். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. “ஆம்புலன்ஸ் வருகிறது, படியில் பனி” என்று நான் கத்தியது போதும். பனி அள்ளும் சவள் படியில் உரசும் சத்தமும், வழுக்காமலிருக்க உப்புக் கொட்டும் சத்தமும் கேட்டன. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தபோது பதினாறு படியும் துப்புரவாக இருந்தன. அவர்களுக்குப் பின்னால் மூத்தவர், கன்னமெல்லாம் சிவந்து, முழங்கால் வரை பனியோடு. அதற்குள் என் கைக்குக் கீழே கர்ப்பப்பை கல்லுப்போல இறுகியிருந்தது. இரத்தம் நின்றுகொண்டிருந்தது.

மருத்துவமனையில் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். பிள்ளை பிறந்த அன்று மாலை மூத்தவரின் காரில் திரும்பும்போது, அவர் திட்டப் போகிறார் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் வீதியைப் பார்த்தபடி, “அவருக்கு உன்னிடம் சொல்ல ஏன் முடியாமல் போனது?” என்று மட்டும் கேட்டார். பதில் எனக்குத் தெரிந்திருந்தது. மூன்று தடவை நான் அவளைக் கெட்டிக்காரி என்றேன். அவள் அந்தப் பெயரைக் காப்பாற்றப் பார்த்தாள். மருத்துவமனைக்காரர்களுக்கு முன்னால் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தது பழக்கத்தால். எனக்கு முன்னால் மூடிக்கொண்டிருந்தது நான் கைதட்டியதால். அமைதியாக இருக்கும் தமிழ்ப் பெண்ணை நம்பாதீர்கள் என்று வெள்ளைக்காரருக்கு வகுப்பெடுத்துவிட்டு, தமிழ்ப் பெண்ணிடம் நீ அமைதியாக இருப்பது எவ்வளவு அழகு என்று சொல்லியிருக்கிறேன்.

அன்றிலிருந்து நான் ஒரு பெண்ணையும் பொறுத்துக்கொண்டதற்காகப் பாராட்டியதில்லை. சொன்னதற்காக மட்டும்தான் பாராட்டினேன். “நோகுது எண்டு சொன்னீரே, நல்ல வேலை செய்தீர்” என்பேன். முதலில் விநோதமாகப் பார்ப்பார்கள். பிறகு பழகிவிடும். உங்களுக்கும் நாக்கில் அந்தப் பழைய சொல்தான் முதலில் வரும், ஏனென்றால் உங்கள் அம்மாவும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்திருப்பார். வரும்போது விழுங்கிவிடுங்கள்.

மருத்துவமனையிலிருந்து வந்த மறுநாள் மத்தியானம் சுகந்தியைப் பார்க்கப் போனேன். படியில் ஒரு துளி பனி இல்லை. கீழ்வீட்டுக் கிழவர் அதைத் தன் வேலையாகவே எடுத்துக்கொண்டுவிட்டார் என்று ரூபன் சொன்னான். சுகந்தி கட்டிலில் சாய்ந்திருந்தாள், மடியில் குழந்தை. முகத்தில் கொஞ்சம் நிறம் திரும்பியிருந்தது. நான் பையைத் திறந்துகொண்டிருந்தபோது, “நீங்கள் சாப்பிட்டிட்டீங்களோ, மிஸ்ஸி?” என்றாள்.

பையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து அவள் கையைப் பிடித்து நாடி பார்த்தேன். உதட்டைப் பார்த்தேன். போர்வையைத் தூக்கப்போனேன். சுகந்தி முதலில் பயந்துபோனாள், பிறகு விளங்கிக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பில் அடிவயிறு நொந்திருக்க வேண்டும், கையால் பிடித்துக்கொண்டாள்.

“இல்லை மிஸ்ஸி, உண்மையாத்தான் கேக்கிறன். இவர் புட்டு அவிச்சிருக்கிறார்.”

வழக்கப்படி ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அன்று தொலைபேசியில் நானும் பொய்தான் சொன்னேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் லேசாகத்தான் நோகிறது என்றாள், நான் சாப்பிட்டேன் என்றேன். இரண்டு மரியாதைக்காரர்கள் சேர்ந்து ஒரு உயிரைக் கொண்டுபோய்விடப் பார்த்திருக்கிறோம்.

“இல்லை” என்றேன். “காலமையிலயிருந்து ஒண்டும் சாப்பிடேல்லை. சரியான பசி.”

ரூபன் குசினிக்குள் போனான். தட்டுச் சத்தம் கேட்டது. நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, “இப்ப நீர் சொல்லும். எப்பிடி இருக்கு?” என்று கேட்டேன்.

“பரவா...” என்று தொடங்கினாள். நிறுத்தினாள். குழந்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கண் நிரம்பிவிட்டது.

“நோகுது மிஸ்ஸி. சரியா நோகுது. இருக்கவும் ஏலாமல் கிடக்கு.”

“எங்க நோகுது?” என்று கேட்டேன். அவள் சொல்லத் தொடங்கினாள். ரூபன் கொண்டுவந்த புட்டு ஆறும் வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் ஒன்றையும் எழுதாமல் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.